வெர்னாவின் நாக்குக்கு வைத்த சோதனை

லாயிட் டாக்கெட்டுக்கு வந்த கோபத்தில், தட்டிலிருந்த பன்றி வறுவலைக்கூட மறந்துவிட்டான். அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவன். ஆயுசெல்லாம் சாராயக் கிடங்கில் போர்பன் விஸ்கிப் பீப்பாய் உருட்டியவன். மாவட்டக் கண்காட்சியில் 'விலை குறைவு, காட்டம் அதிகம்' என்ற போர்பன் போட்டிக்கு நடுவராக யாரைப் போட்டிருக்கிறார்கள்? அவன் பெண்டாட்டி வெர்னாவை. போன வருஷம் அவளுடைய போர்பன் மிட்டாய்க்குப் பரிசு கிடைத்ததாம்.

"மிட்டாய் உருட்டறவளுக்குச் சரக்கப் பத்தி என்ன தெரியும்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கும் அளவுக்குக் கோபம் இன்னும் முற்றவில்லை.

மத்தியானத்துக்குள் முற்றிவிட்டது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு ராஸ்கோவைச் சாட்சியாக வைத்து ஒரு பரீட்சை என்று அறிவித்தான். மூன்று மலிவுச் சரக்கு, மூன்று கண்ணாடி டம்ளர். காட்டத்தின் வரிசையை வெர்னா சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நடுவர் நாற்காலி அவனுக்கு. வெர்னா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் சண்டைக்கு வராதது அவன் கோபத்தை இன்னும் கிளறியது.

அவன் திட்டம் எளிமையானது. சாதுவானதில் தொடங்கி முரட்டுச் சரக்கில் முடிப்பதுதான் ருசி பார்க்கிறவர்கள் வழக்கம். அவன் முரட்டுச் சரக்கை முதலில் வைத்தான். அதை வாயில் வைத்தால் நாக்கு செத்துப்போகும். அப்புறம் வெந்நீரும் விஸ்கியும் ஒன்றுதான்.

சனிக்கிழமை வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். டம்ளரைத் தொடவில்லை.

"எனக்கு முறை தெரியாதுங்க. நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன். போர்பன முழுங்காம வாயில சுழட்டி மென்னுதான் பாக்கணும்னு சொல்வீங்களே?"

"ஆமா அண்ணே, மென்னு காட்டுங்க," என்றான் ராஸ்கோ.

மறுத்தால் மானம் போகும். லாயிட் முதல் டம்ளரை எடுத்தான். பாதியை வாயில் ஊற்றினான். மென்றான். கண்ணில் நீர் முட்டியது, காது சிவந்தது. துப்புவதற்குத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கிடங்குக்காரன் துப்புவானா? விழுங்கினான். நெஞ்சுக்குள் யாரோ கொள்ளிக்கட்டையோடு மாடிப்படி இறங்கினார்கள்.

வெர்னா கடைசி டம்ளரிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வாய், தொட்டியில் துப்பல், ஒரு மடக்குத் தண்ணீர். வரிசையைப் பிசகாமல் சொன்னாள்.

"ஏமாத்து வேலை," என்று கத்தினான் லாயிட். "வாசனைய வச்சு ஊகிச்சிட்டா."

"அப்ப நீங்க சொல்லுங்க. ராஸ்கோ, அவரத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு டம்ளர மாத்தி வைப்பா."

லாயிட் ஆத்திரத்தோடு மூன்றையும் குடித்தான். நடு டம்ளரை மேசையில் தட்டினான். "இதுதான் சாதுவானது. பச்சப் புள்ளைக்கு ஊட்டலாம்."

அது அவனே பொறுக்கி வைத்த முரட்டுச் சரக்கு. ராஸ்கோ சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"சரி, நாற்காலி ஒன்னோடதுதான்," என்று பல்லைக் கடித்தான் லாயிட். "ஆனா கண்காட்சிக்கு நானும் வருவேன். அங்க ஒவ்வொரு பாட்டிலையும் குடிச்சுப் பாத்து, நீ சொல்ற தீர்ப்பு தப்புன்னு ஊருக்கே சொல்வேன்."

வெர்னா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கண்டிப்பா வாங்க. நடுவரை வீட்டுக்குக் கூட்டி வர, ஒரு சொட்டுகூடத் தொடாத ஆள் வண்டி ஓட்டணுமாம். உங்க பேரைக் குடுத்திருக்கேன்."