தக்காளி நாற்று முன்னேற்ற ஆய்வு

மேலதிகாரிகள் எல்லோரும் வீட்டு ஜன்னலில் தக்காளி வளர்க்க ஆரம்பித்திருந்த காலம் அது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் நாற்றைக் காட்டினார்கள். "நேத்துதான் ரெண்டாவது இலை விட்டான்" என்று பேரப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி பூரிப்பு வேறு. இந்தக் காய்ச்சல் மேலிடத்துக்கும் பரவி, எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. அலுவலகம்தோறும் விதையிலிருந்து நாற்று எழுப்பி மேலிடத்தின் பார்வைக்குச் சமர்ப்பிக்க வேண்டுமாம்.

நான் அங்கே தலைமை எழுத்தர். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'உடனடி'. எதையும் உடனடியாகப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. செய்வது மற்றவர்கள் வேலை.

நாற்றுப் பொறுப்பு தட்டச்சுப் பெண்ணின் தலையில் விழுந்தது. வருஷக்கணக்காகத் தற்காலிகப் பணியில் இருப்பவள். புருஷனுக்கும் வேலை போய், வீடே இவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நாத்து மட்டும் முளைக்கட்டும்மா, உன் வேலை நிரந்தரம். கோப்பு என் மேஜைக்கு வந்த அடுத்த நிமிஷம் கையெழுத்து" என்றார் உடனடி.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே ஒரு தட்டில் பொலபொலவென்று மண்ணைப் பரப்பி, விதைகளை மேலாக ஊன்றி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று கணினிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் உடனடி தட்டின் முன்னால் நின்றார்.

"முன்னேற்றம் என்ன?"

"நேத்துதானே சார் போட்டோம்?"

"அப்போ ராத்திரி முழுக்க அது என்னதான் பண்ணிச்சு?"

காகிதக் கிளிப்பை நிமிர்த்தி மண்ணைக் கிளறினார். விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார்.

"முளைக்கிற வரைக்கும் மண்ணைக் கலைக்கக் கூடாதுன்னு பாக்கெட்லயே போட்டிருக்கு சார்" என்றாள் அவள், அழாத குறையாக.

"அது பொதுமக்களுக்கு."

"ஆமாம்மா, நமக்கு விலக்கு உண்டு" என்றேன் நான். அதிகாரி தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

அதிலிருந்து தினமும் காலையில் முன்னேற்ற ஆய்வு. விதைகள் வெளியே வரும், பரிசீலிக்கப்படும், உள்ளே போகும். ஒரு விதை மட்டும் தைரியமாக வெள்ளை வேர் ஒன்றை நீட்டியிருந்தது. உடனடி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வேர் பட்டென்று ஒடிந்தது.

"பாத்தீங்களா? வேலை செய்யற மாதிரி காட்டிட்டு, ஆளைப் பாத்ததும் படுத்துக்குது!"

பணியில் மெத்தனம் காட்டியதற்கு விளக்கம் கேட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பாணை ஒட்டப்பட்டது. தட்டச்சு செய்தவளும் அவள்தான். விதைகள் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவ்வளவு திமிர்.

இந்த நிலையில் உடனடிக்கு வெளியூரில் ஒரு பயிற்சி வந்தது. விஷயம், 'விதை முளைப்பு மேலாண்மை'. கோட்டும் சூட்டுமாகக் கிளம்பிப் போனார். அவள் புதிதாக விதை போட்டு மூடி வைத்தாள். அவ்வப்போது தண்ணீர் தெளித்தாள். முளை தலைகாட்டியதும் மூடியை எடுத்துவிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அவர் திரும்பி வந்தபோது தட்டு முழுக்கப் பச்சைப் பசேலென்று நாற்று. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"என் பயிற்சியோட பலனைப் பாத்தீங்களா!" என்றார் உடனடி.

"நீங்க இங்க இல்லவே இல்லையே சார்?"

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்! இல்லாம இருக்கறதைக்கூட எவ்வளவு திறமையா இருந்திருக்கேன்!"

மேலிடமும் அதை ஒப்புக்கொண்டது. அவருக்குப் பதவி உயர்வு. இனி எல்லா அலுவலகங்களுக்கும் அவர்தான் வராமல் இருப்பார். மாலை போட்டு வழியனுப்பினோம். அந்தக் கலாட்டாவில் கையெழுத்து மறந்து போயிற்று.

மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், என் நிரந்தரக் கோப்பு அவர் மேஜைக்கே போகலையாமே? உங்ககிட்டதான் இருக்குன்னாங்க."

"கவலையே படாதேம்மா. ஒரு கோப்பை வாங்கி அப்படியே போட்டு வைக்கிற ஆள் நான் இல்லை. தினமும் காலையில முதல் வேலையா அதை வெளிய எடுத்து, கட்டைப் பிரிச்சு, தாள் தாளாப் பாத்துட்டு, மறுபடி அடியில வெச்சுடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தட்டைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு ஏதாவது பயிற்சி வராதா? வெளியூர்ல?"

என் முன்னேற்றத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு எத்தனை அக்கறை! மனசு நெகிழ்ந்து போய், விண்ணப்பத்தை அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். கேட்ட மாத்திரத்தில் அடித்துக் கொண்டு வந்தாள். ஒரு பிழைகூட இல்லை.