இன்றைய பக்கத்தில் இடமில்லை

எண்பத்தொன்பதாம் ஆண்டு. பூந்தமல்லிப் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றின் மேன்மைமிகு அதிகாரி கஜபதி, நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்ற பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். மறுநாளே உத்தரவு பிறந்தது: டைரியில் குறிக்கப்படாத எதுவும் வேலையாகக் கருதப்படமாட்டாது. புது வருஷத்துக்கு அரிசி மண்டிக்காரர் ஓசியில் கொடுத்து, பால் கணக்கு எழுத வீட்டில் கிடந்த டைரிக்கு அரசாங்க அந்தஸ்து கிடைத்தது. அலுவலகமே டைரியும் கையுமாக அலைந்தது. வேலை செய்யத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஜஹானாரா சென்னீர்குப்பத்துப் பெண். பாடியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். சான்றிதழ் தயாராக இருந்தது. கஜபதியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

“நாளைக்கு வாம்மா. இன்னிக்குப் பக்கம் நெறஞ்சிடுச்சு.”

“ஒரே ஒரு கையெழுத்து சார். பேனா உங்க கையிலதான இருக்கு?”

“பேனா இருக்கு. வரி இல்லையே.”

அவள் எட்டிப் பார்த்தாள். “டீ குடிக்கணும்னு ஒரு வரி இருக்கே சார், அத அடிச்சுட்டு...”

“குடிச்சு டிக் போட்டாச்சு. முடிஞ்ச வேலைய எப்படிம்மா அடிக்கறது?”

“பூ வாங்கணும்னு?”

“அத அடிச்சா நான் வீட்டுக்குப் போக முடியுமா?”

ஜஹானாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்ற பஞ்சவர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா சார், அநியாயமா கீது? வயசுப் பொண்ணு பொழப்புல மண்ணப் போடுறியே!”

“நல்லாக் கேளும்மா!” என்றார் பின்னால் நின்ற கலியமூர்த்தி. வரிசை கலைந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டது. நியாயம் கிடைக்காமல் நகரமாட்டோம் என்றது.

கஜபதி பதறவில்லை. பயிற்சியில் இதற்கும் வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“சரி. ஒரு வேலைய அடிச்சுட்டு இந்தப் பொண்ணோடத எழுதிடறேன். மிச்சம் இருக்கறதெல்லாம் உங்க வேலைங்கதான். யாரோடத அடிக்கட்டும்?”

கலியமூர்த்தி சுவரில் இருந்த காலண்டரை அக்கறையோடு படித்தார். பஞ்சவர்ணம், “எனுக்கும் பஸ்ஸுக்கு டைமாவுது சார்” என்று முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்தில் போய் நின்றாள். யாரும் சொல்லாமலே வரிசை முன்னைவிட நேராக அமைந்தது.

ஜஹானாராவின் கையெழுத்துக்கு மறுநாள் பக்கத்தின் முதல் வரி ஒதுக்கப்பட்டது. அவள் வெறும் கையோடு வாசலைத் தாண்டும்போது பஞ்சவர்ணம் மனதார ஆறுதல் சொன்னாள்:

“மொதோ வரியே கெட்ச்சிட்ச்சே கண்ணு! நீ குடுத்து வச்சவ.”