மூணு காத்தாடி ரேடியேட்டர்

கொர்ர்… கொர்ர்… கொர்ர்… டக்.

கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, போச்சு. பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. மிக்ஸி நின்றால் சட்னி வரும். இது நின்றால் வசவு வரும்.

எழுந்து பார்த்தேன். காலை பத்து மணி. என் கம்ப்யூட்டர் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகச் செத்துக் கிடந்தது. பெட்டியைத் தொட்டேன். தோசை ஊற்றலாம்.

என் சோலி இதுதான்: இனிமேல் கட்டப்போகிற வீடு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுப்பது. இல்லாத வீட்டுக்கு வெயில் அடிக்க வைப்பேன். இல்லாத காரை வாசலில் நிறுத்துவேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்துவிட்டு, விடிகிற நேரத்தில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். அது ஏழெட்டு மணி நேரம் உழைத்துப் படத்தை முடிக்கும். இப்போது சூடு தாங்காமல் பாதியில் அணைந்துவிடுகிறது. தேவாரம் ஊர்க்காரர் ஒருவருக்கு முக்கால் வீடுதான் வந்திருந்தது. மீதி இருட்டு. வெள்ளிக்கிழமைக்குள் முழு வீடு வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக அவர் சொல்லிவிட்டார்.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதற்கு முன் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் வாட்டுகிற கூடத்தில், பத்து வருடம் ராத்திரி ஆளாக இருந்தேன். பச்சைக் காயைக் காயவைக்கிற அறைக்கு அடியில் அடுப்பு. விடிய விடிய விறகு தள்ள வேண்டும். நடுநடுவே ஏறிப்போய்க் காயைக் கிண்டிவிட வேண்டும். அந்தச் சூட்டில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கடைசி நாள் மலை இறங்கும்போது ஜீப்பில் எழுந்து நின்று சபதம் செய்தேன்: "இந்த ஜென்மத்தில் இனி ஏலக்காய் காயவைக்க மாட்டேன்!" மலையே கேட்டது. டிரைவர் மட்டும், "உக்காருண்ணே, கண்ணாடி மறைக்குது" என்றார்.

கம்ப்யூட்டர் மூன்றாவது முறை செத்த அன்று இரண்டாவது சபதம் செய்தேன். அதற்குத் தண்ணீர்க் கூலர் மாட்டியே தீருவது.

சபதம் செய்வது நான். அனுமதி கொடுப்பது பொன்னுமணி. என் மனைவி. கமிசன் கடையிலிருந்து வரும் ஏலக்காயை ஹாலில் கொட்டி, காம்பு நறுக்கி, ரகம் பிரித்துக் கொடுப்பாள். அது சாரல் மாதம். காய் நமுத்துப்போனது என்று கடைக்காரர் இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு மூட்டை திரும்பினால் இனி காயே கிடையாதாம். அவள் முகம் போடிமெட்டுப் பனிமூட்டம் மாதிரி இருந்தது. கண்ணாடி முன் நின்று பேச்சை மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன்.

"பொன்னு, ஜீப்பு மெட்டு ஏறுறப்ப சூடாகுதுல்ல…"

"ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துவாங்க. அதுக்கென்ன இப்ப?"

"இதுக்கும் அப்படி ஒரு ரேடியேட்டர் இருக்கு. தண்ணி குழாய்ல சுத்திவந்து சூட்டை வாங்கிக்கும். காத்தாடி அதை வெளிய தள்ளிரும்."

"எங்கிட்டுத் தள்ளும்?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை.

"வெளியதான்."

"எம்புட்டுச் சூடு?"

"கை வச்சா இதமா இருக்கும். சுடாது."

அவள் கத்தரிக்கோல் நின்றது. "எத்தனை காத்தாடி?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருது. நமக்கு ரெண்டு போதும்…"

"மூணே வாங்குங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில், நான் கேட்டதற்கு மேல் அவள் கொடுத்தது அதுவே முதல் தடவை. சட்னி உட்பட.

"எங்கன மாட்டுவீங்க?"

"முன்பக்கம். வெளிக்காத்தை இழுத்து…"

"மேல மாட்டுங்க. சூடு மேலதான போகும்? பத்து வருசம் ஸ்டோர்ல இருந்த ஆளுக்கு நான் சொல்லணுமாக்கும்."

"கலர் லைட்டு வச்சதா வாங்கவா? ஜெகஜோதியா இருக்கும்."

"லைட்டே ஆகாது. கெட்டுப்போகும்."

என் கண்ணைத்தான் சொல்கிறாள். அதற்குள் அவள் தையல் டேப்பைக் கொண்டுவந்து பெட்டியின் மேல்பக்கத்தை நீளம், அகலம் அளந்துவிட்டாள். "இடிக்காம இருக்கணும்ல?" என்றாள். என்ன அக்கறை!

தேனியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பையனுக்குப் போன் போட்டேன். "பிரதீப்பு, எங்க வீட்டம்மா காத்தோட்டத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்குப்பா."

"அப்ப அவங்களையே அனுப்புங்கண்ணே. உங்களுக்குச் சொல்லிக்குடுத்து எனக்கு வாய் வலிக்குது."

கூலர் வந்தது. நானே மாட்டினேன். பொன்னுமணி ஒரு ஏலக்காய்த் தோலை எடுத்து ஒவ்வொரு காத்தாடிக்கு மேலும் விட்டுப் பார்த்தாள். முதலாவதில் பறந்தது. மூன்றாவதில் பறந்தது. நடுவில் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, இது மூச்சை உள்ள இழுக்குது. திருப்பி மாட்டுங்க."

மாட்டினேன். வெள்ளிக்கிழமை தேவாரத்து வீடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரம் நான் ராஜா. விடிந்ததும் பொன்னுமணி, "வேலை ஓடுதா? நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள். தூசி படாமல் மெல்லிசாக ஒரு துணிகூடப் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு நாள் பகலில் பழைய ஸ்டோர் கனவில் வந்தது. அதே சூடு, அதே வாசம். வியர்த்து எழுந்தேன். கனவு போய்விட்டது. வாசம் போகவில்லை. மோந்துகொண்டே போனால், அது என் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

துணியைத் தூக்கினேன். அளவெடுத்துச் செய்த கம்பிவலைத் தட்டு. இம்மி பிசகாமல் மூன்று காத்தாடிக்கும் மேலே. அதில் பச்சைப் பசேலென்று ஏலக்காய், இதமான காற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

"பொன்னு! இது கம்ப்யூட்டரா, ஸ்டோரா?"

"கத்தாதீங்க. ஒரு தடவையாச்சும் அணைஞ்சுச்சா?"

"…இல்ல."

"படம் பாதியில நின்னுச்சா?"

"இல்ல."

"பெறகென்ன? துணியைப் போடுங்க. வெளிச்சம் பட்டா பச்சை வெளுத்துக் கெட்டுப்போகும்."

ஆக, அன்று லைட்டில் கெட்டுப்போகும் என்றது என் கண்ணை இல்லை.

"காயைத் திருப்பிவிட்ட மனுசன், இப்ப எந்த ஸ்டோர்ல வாட்டுறீங்கன்னு கேக்குறாரு. எங்க வீட்டுக்காரர் ஸ்டோர்னு சொன்னேன். 'வெள்ளைத்துரையா? அனுபவஸ்தனாச்சே'ன்னாரு."

வாசலில் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மதினி. இடுப்பில் ஒரு பை.

"கொழுந்தனாரே, முழிச்சிட்டீகளா? இன்னிக்கு என் முறை."

"முறையா?"

"செவ்வாயும் வெள்ளியும் எனக்கு. உங்க வீட்டுக்காரி பேரெழுதி வச்சிருக்காளே."

எனக்கும் ஒரு ஆயுதம் இருந்தது. "இன்னிக்குப் படம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வேலை இல்ல. அணைக்கப் போறேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் தம்பி உக்கிரபாண்டி குரங்கணியில வீடு கட்டுறான்" என்றாள் மதினி. "படம் நீங்கதான் போடணுமாம்."

"மாடி வைங்க" என்றாள் பொன்னுமணி. "சுத்தி மரம் வைங்க. மரம் கூடுனா கம்ப்யூட்டர் கூடுதல் நேரம் ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? தோப்பாவே வைங்க."

உட்கார்ந்தேன். உக்கிரபாண்டிக்கு எட்டு மரம் வைத்தேன். பின்னால் ஒரு முறைப்பு தெரிந்தது. எண்பது வைத்தேன். காத்தாடிகள் வேகமெடுத்தன. மதினி தன் காயைப் பரப்பிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, எழுந்து துணியை விலக்கி, நடுக்காயை ஓரத்துக்கும் ஓரக்காயை நடுவுக்குமாகக் கிண்டிவிட்டேன்.