வாய் திறக்காத காவலாளி

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாகவே இருக்க வேண்டும். பல்வலியைத் தவிர வேறெந்த வலிக்கும் என் கைவசம் மருந்து கிடையாது.

அத்தான் தன் பல் மருத்துவமனையில் எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகவும், இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றும் சொன்னாயே, வந்துவிடுகிறேன். இந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் என்றாலே எல்லோருக்கும் இளக்காரம். எங்கள் நாற்காலி சாயும், நிமிராது. பல்லைப் பிடுங்கியதும் நானும் நர்சம்மாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிறோம். ஊரில் காய்ச்சல் பரவினால், "பல்லுதானே சார், அது எங்க போயிடப் போவுது?" என்று மேலதிகாரி என்னைக் கொசுப்புழு தேட வீடு வீடாக அனுப்பிவிடுவார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரர் வாயை ஆவென்று திறந்தபடி நிற்பார். "வந்ததுதான் வந்தீங்க, இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க." கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் பழகிப்போனதுதான். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் மனதை அறுக்கிறது. ஒரு காவலாளிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்குங்க, நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்று வெளிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அரைமணி நேரம் போதும். அதற்குள் ஜீப் வந்தது, கொசுவுக்குக் கிளம்பிவிட்டேன், அவரைச் சுத்தமாக மறந்தேன். சாயங்காலம் திரும்பினால் மனிதர் அதே பெஞ்சில், அதே பஞ்சோடு. பக்கத்தில் அவர் மனைவி.

"காலையிலேர்ந்து பேச்சும் இல்ல, சாப்பாடும் இல்ல. நர்சம்மா துப்பச் சொன்னாங்க, அதுக்கும் தலையை ஆட்டுறாரு. நீங்கதான் சொல்லணும்னு உங்க ரூமைக் கை காட்டுறாரு."

"துப்பிடுங்கய்யா" என்றேன். துப்பிவிட்டு, "தண்ணி குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவரையே மறக்க வைக்கிற வேலை எனக்கு வேண்டாம், அக்கா. அத்தானிடம் என் சம்மதத்தைச் சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பல் துலக்காமல் படுத்தால் மாமா ஊசியோடு வருவார் என்று சொல்லிவை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: ராஜினாமாவைக் கொடுக்கப் போனேன். எனக்குப் பதில் யார் வருவார் என்று கேட்டேன். "யாரும் வர மாட்டாங்க சார். அந்த ரூம்ல பழைய கட்டிலைப் போட்டு வைக்கலாம்னு இருக்கோம்" என்றார் மேலதிகாரி. வெளியே வந்தால், வாசல்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நிற்கிறார்கள். ராஜினாமாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தான் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டும். அங்கேதான் தெருவுக்கு ஒரு பல் டாக்டர் இருக்கிறாரே.