முக்காலஞானியும் மிக்ஸிச் சீட்டும்

1996 தசராவுக்கு மைசூர் விஜயநகரில் ஒரு சாமியார் வந்து இறங்கினார். முக்காலஞானியாம்! வாசலில் பெயரும் முகவரியும் கொடுத்து டோக்கன் வாங்கினால், மறுநாள் உங்கள் குடும்பக் கதையைப் புட்டுப் புட்டு வைப்பார். ஏன் மறுநாள்? ஞானம் பஸ் பிடித்து வர வேண்டாமா? கூட்டம் தெருமுனை வரை நின்றது.

ஹனூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பூவாத்தாளும் போனாள். மகளுக்கு இரண்டு வரன் தட்டிப்போனது, இவளுக்கு இடது முட்டியில் வலி, எல்லாம் சொன்னாராம். கல்யாணத்துக்கு வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியை ஹோமத்தில் போட்டால் தோஷம் தீருமாம். வலி வலது முட்டியில்தானே என்றாள் மகள் ஜோதிமணி. சாமி சொன்ன பிறகு இடதும் வலிக்கிறது என்றாள் தாய். இந்தப் பக்திக்கு எந்த டாக்டரிடம் மருந்து இருக்கிறது?

ஜோதிமணி ஊதுவத்தி ஆலையில் வேலை செய்பவள், கன்னடம் படிப்பாள். சாமியாரிடம் போவதற்கு முன்பே தாயும் மகளும் தசரா பொருட்காட்சிக்குப் போயிருந்தார்கள்; அங்கே ஒரு கடைக்காரி மிக்ஸிப் பரிசுச் சீட்டோடு நின்றாள். பூவாத்தாளுக்குக் கன்னட எழுத்து தெரியாததால், கேட்டுக் கேட்டுக் கடைக்காரியே எழுதினாள். பதினெட்டுக் கேள்வி! என்ன நகை, என்ன நோய், எத்தனை வரன்? அப்போது 'இடது முட்டி' என்று அவள் தப்பாக எழுதியதை ஜோதிமணி பார்த்திருந்தாள். மிக்ஸி கொடுக்க முட்டி எதற்கு என்று அன்றைக்கு அவளும்தான் கேட்கவில்லை.

சீட்டில் இருந்த தப்பு சாமியார் வாய்க்கு எப்படி வந்தது? இப்போது ஜோதிமணி அதே கடைக்குப் போய் இன்னொரு சீட்டு எழுதினாள். பெயர் ஜடையன், வயது முப்பத்திரண்டு, மூச்சிரைப்பு, பெண் அமையவில்லை. சாமியார் வாசலிலும் அதே பெயரில் டோக்கன் வாங்கினாள். ஜடையனுக்கும் கேட்டுவிட்டுச் சங்கிலியைக் கொடுக்கலாம் என்று அம்மாவை நிறுத்தி வைத்தாள்.

மறுநாள் சாமியார் கண்ணை மூடினார். "ஜடையன்... முப்பத்திரண்டு வயசு... மூச்சு இரைக்குது. களத்திர தோஷம், அதான் பொண்ணு அமையல."

பூவாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க சாமி, ஜடையன் எங்கூட்டுக் கிடாயிங்க. போன தீவாளிக்குத்தான் பொறந்துச்சுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குள் ஜோதிமணி கிடாயையே உள்ளே ஓட்டிவந்தாள். அது நேரே பீடத்துப் பூமாலையை இழுத்தது. அடியிலிருந்து கட்டுக் கட்டாகப் பரிசுச் சீட்டுகள் சரிந்தன. ஜடையன் இரண்டை மென்றும் விட்டது.

சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைக்காரி சீட்டை வித்தா, வாங்கினேன். நான் மட்டுமா? சோப்புக் கம்பெனி வாங்குது, சீட்டுக் கம்பெனி வாங்குது. அவங்களை யாராவது கேட்டீங்களா?"

வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பூவாத்தாள் சங்கிலியை மகள் கழுத்தில் மாட்டி, விடுவிடுவென்று வெளியே கூட்டிப்போனாள்.

நம் நோயையும் நகையையும் நாமே ஊருக்கு ஒப்பிக்கிறோம். அதை ஒருத்தன் திருப்பிச் சொன்னால் காலில் விழுகிறோம். நாளைக்கு வேறொருவன் குக்கர் சீட்டோடு வருவான். வாயைத் திறக்குமுன், "இதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று கேட்டுப் பழகுங்கள்.