அனுப்புநர் வரியில் என் பெயர்

சிரஞ்சீவி வெங்கிடேஷுக்கு அண்ணா ஸ்ரீகண்டன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே பத்மநாபசுவாமி கோயில் கோட்டைக்குள் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை போயிற்று. உன் மன்னி பாகீரதி போய் மூன்று மாதமாகிறது. எல்லோரும் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன், அந்த ஒருவனின் க்ஷேமமும் சுமார். பத்தாம் நாள் காரியத்துக்கு உன் ஆத்துக்காரி பத்மஜா மட்டும் வந்து, உனக்கு முதுகுவலி, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். இப்போது எப்படி இருக்கிறது?

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அப்பா படுக்கையில் விழுந்தபோது மஸ்கட்டில் இருந்த உனக்கு, உடனே புறப்பட்டு வா என்று மெயில் போட்டேன். வேறு யாரோ சொல்லி நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அஸ்தி கரைத்தாகிவிட்டது. மெயிலே வரவில்லை என்றாய் நீ. அனுப்பினேன் என்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் சத்தியம் செய்தேன். சத்தியம் உண்மைதான், அனுப்பினேன். ஆனால் ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்ஷனை ஆண்டவன் அல்லவா நான், ஊரெல்லாம் பட்டனை அமுக்கி மெயில் போட்டால் எனக்கு யூனிக்ஸ் வேண்டும், கறுப்புத் திரை வேண்டும், கட்டளை தட்ட வேண்டும். அதில் அனுப்புநர் விலாசத்தை நாமாக ஒரு கோப்பில் எழுதி வைக்காவிட்டால் மெஷின் தன் பெயரையே விலாசமாகப் போட்டுவிடும். நான் வீட்டு மெஷினுக்கு 'கோட்டை' என்று பெயர் வைத்திருந்தேன். ஸ்ரீகண்டன், கோட்டை, அவ்வளவுதான் விலாசம். இப்படி ஒரு இடமே உலகத்தில் கிடையாது என்று உன் ஆபீஸ் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பி வந்த மெயில் என் மெஷினிலேயே, நான் எட்டிப் பார்க்காத ஒரு பெட்டியில் கிடந்தது. பதின்மூன்றாம் நாள் கழிந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மெயிலை அழித்தேன். கோப்பைத் திறந்து, என் பெயரையும் சரியான விலாசத்தையும் ஒரே ஒரு வரியில் எழுதினேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. நீ கோபித்துக்கொண்டு போனாய், நானும் போகட்டும் என்று விட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். அது அப்போது தோன்றவே இல்லை, அவ்வளவு கர்வம்.

அடுத்த வருஷம் உன்னிடமிருந்து "அண்ணாவுக்கு நமஸ்காரம்" என்று மெயில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, தம்பி வழிக்கு வந்துட்டான்" என்று பாகீரதியிடம் சொன்னேன். "ஆமாமாம், நீங்க கொம்பைச் சீவிண்டு நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பதில் போட எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று இருந்தேன். நீயானால் மாதம் தவறாமல் எழுதினாய். "உங்கள் லெட்டர் பார்த்து மனசு ஆறித்து" என்று ஒரு தடவை எழுதியிருந்தாய், நான் ஒரு வரி எழுதாததைக் குத்திக்காட்டுகிறாய் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் மன்னிக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்டாய். என்ன இருந்தாலும் ரத்தம், திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாகீரதி ஒரு தடவை கேட்டாள். "எனக்கும் ஒரு விலாசம் போட்டுத் தாங்கோளேன், ஒரு வரிதானே?" "ஆத்துக்கு ஒரு விலாசம் போதும், ரேஷன் கார்டு மாதிரி" என்றேன். யார் உட்கார்ந்து தட்டினாலும் என் பெயரில்தான் மெயில் போகும் என்பது அவளுக்கும் தெரியும். போன வாரம் சும்மா இருக்க முடியாமல் அந்தக் கோப்பைத் திறந்து அவள் பெயரில் ஒரு வரி எழுதினேன். இனி யாருக்கு, எதற்கு என்று கேட்காதே. சரியாகப் போகிறதா என்று பார்க்க, அனுப்பியவை கிடக்கும் பெட்டியைத் திறந்தேன். எனக்கு அனுப்பியதைத் திரும்பப் படிக்கும் வழக்கமே கிடையாது. உள்ளே உன் விலாசத்துக்கு நூற்று நாற்பத்தொரு கடிதம். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டின தமிழ், எல்லாம் ஸ்ரீகண்டன் பெயரில். முதல் கடிதத்தில், "தப்பு என்னோடது. போன் பண்ணியிருக்கணும். சொல்ல வெட்கமா இருக்கு, மன்னிச்சுடு" என்று இருந்தது. வெங்கிடேஷா, நான் யாரிடமும் சொல்லாததைப் பாகீரதி எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

ஆகவே நீ மன்னித்தது என்னை அல்ல, என் பெயரில் எழுதியவளை. இருந்தும் அந்தப் பெயரை நம்பி நீ பதில் எழுதினாயே, அந்தப் பெருந்தன்மை எனக்கு எழுபது வயதிலும் வரவில்லை. உனக்கு நன்றி. உனக்கும் பத்மஜாவுக்கும் பத்மநாபசுவாமி ஆயுசும், முதுகுக்குப் பலமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணா ஸ்ரீகண்டன்

பி.கு.: இதை மெயிலில் அனுப்பப் போகும் சமயம் பத்மஜா போன் பண்ணினாள், மன்னிக்கு இந்த மாத மாசிகம் என்றைக்கு என்று கேட்க. வெங்கிடேஷுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று விஷயத்தைச் சொன்னேன். "அண்ணா, அது ஆபீஸ் மெயில் இல்லை, ஆத்து மெயில், அவர் அதைத் திறந்ததே கிடையாதாக்கும். பாஸ்வேர்டுகூட அவருக்குத் தெரியாது. அவர் பேர்ல எழுதினதெல்லாம் நான்தான். எழுதறது மன்னின்னு எனக்கு ரெண்டாவது லெட்டர்லயே தெரிஞ்சுடுத்து, கேட்டேளா" என்றாள். அவனுக்கு இன்னும் கோபமா என்று கேட்டேன். "உங்க பேரை எடுத்தா எழுந்து போயிடறார்" என்றாள். முதுகுவலியும் கிடையாதாம்.

ஆக, பன்னிரண்டு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை, நானும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மேலே உன் பெருந்தன்மை பற்றி எழுதியதை அடித்துவிடு. சாலையில் ஒரு கடையில் இதை அச்செடுத்து, உறைமேல் என் கையால் விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். அப்பாவின் முகத்தை நீ கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது என்னால். என்னை மன்னித்துவிடு.

பத்மஜா, இதை அவன் கையில் கொடு. பதிலை மட்டும் நீ எழுதாதே. எத்தனை நாளானாலும் சரி, அவன் எழுதட்டும்.