என் இடது காலின் நடத்தை

மதிப்பிற்குரிய நன்னடத்தை அலுவலர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு, திருவரங்குளம் ஒன்றியம் மேலக்கொல்லையிலிருந்து ஆண்டியப்பன், வயது எழுபத்தெட்டு, கைநாட்டு, வணக்கத்தோடு எழுதச் சொன்னது. இங்கு ஆடு மாடு உள்பட எல்லோரும் நலம். தாங்களும், எங்கள் வீட்டுச் சேவல் கொத்திய தங்கள் முழங்காலும் நலமாயிருக்க அரங்குளநாதரை வேண்டுகிறேன். சொல்லச் சொல்ல எழுதுவது பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடை ரூமானா. எழுத்து அவருடையது. தப்பு முழுக்க என்னுடையது.

எழுத்துத்தான் வராதே தவிர எனக்கு ஞாபகம் கெட்டி. தாங்கள் வந்தது ஆவணி இரண்டாவது செவ்வாய், கட்டம் போட்ட நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் நான் முகாமில் போய், ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருந்தேன். ஆபீசர் நேரில் வந்து காலைப் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே பைலோடு வாசலில் வந்து நின்ற தங்களைக் கால் பார்க்க வந்த ஆபீசர் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் களத்தில் கடலை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் பேசியதில் கால்வாசிதான் காதில் விழுந்தது. "நாகராசு" என்றீர்கள். காலை முறித்தவன் பெயரைக் கேட்கிறீர்கள் என்று, "ஆமாங்க, அந்தப் பயதான்" என்றேன். அடுத்து, "நடத்தை எப்படிங்கய்யா?" என்றீர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நாம் நடை என்பதை ஆபீசில் நடத்தை என்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "ரொம்ப மோசமுங்க" என்றேன்.

"முன்னைக்கு இப்ப ஏதாச்சும் மாற்றம்?"

"நாளுக்கு நாள் மோசமாத்தாங்க போகுது. மழ பெஞ்சா கேக்கவே வேணாம்."

மழை என்றதும் தாங்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தீர்கள். ஆனாலும் எழுதிக்கொண்டீர்கள். "வெளிய வந்தா ஆபத்துன்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். என் காலுக்குள் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி இருக்கிறது ஐயா. அதைத்தான் கேட்கிறீர்கள் என்று, "பெரிய டாக்டரே சொல்லிட்டாருங்க, வெளிய எடுத்தா ஆபத்து, சாகுற மட்டும் உள்ளயே கெடக்கட்டும்னு" என்றேன். தாங்கள் பேனாவை வைத்துவிட்டு, "இப்படிச் சொன்னா கெடைக்கிறது கஷ்டமுங்கய்யா" என்றீர்கள். உதவித்தொகை கிடைக்காது என்கிறாரே என்று பயந்துபோய், "அப்ப இன்னும் கொஞ்சம் மோசமுன்னு சேத்து எழுதிக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு, மை தடவச் சொல்லி நானே கட்டைவிரலை நீட்டினேன். சேவல் கொத்தியது அப்போதுதான். அதற்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கிறது.

நாகராசுவின் பெண்டாட்டி செவந்தி போன வாரம் சிறையில் மனுப் போட்டு அவனைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து நின்றாள். "ஏன் மாமா, ஒங்க காலுக்கு ஏழு வருசம் பத்தலையா? சாகுற வரைக்கும் உள்ளயே கெடக்கணும்னு சொன்னீங்களாமே. எம்மக வைஷ்ணவி, அப்பா வாராருன்னு பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வச்சிருக்கா" என்றாள். நான் விழித்த விழியைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். முன்விடுதலைக் குழு வருகிற பத்தாம் தேதி கூடுகிறதாம். அதில் அடிபட்டவன் சொன்ன சொல் என்று என் காலைப் பற்றிய தாள்தான் இருக்கிறதாம். அந்தத் தாளை மாற்றத்தான் ஐயா இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். நாகராசு என் தம்பி மகன். எல்லைக்கல்லை நான் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டேன் என்று மண்வெட்டிக் காம்பால் என்னை அடித்தான். பத்து வருடம் போட்டார்கள். நான் நட்டது ஒரு முழம் இல்லை, முக்கால் முழம். கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் சிறையிலிருந்து ஒரு கார்டு வந்தது. என் ஆயுசில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம். ரூமானா படித்தார்: "பெரியப்பாவுக்கு, உங்கள் கல் எப்படி இருக்கிறது? எனக்குத் தினமும் அந்தக் கல் நினைப்புத்தான்." காலை ஒடித்துவிட்டுக் கல்லை விசாரிக்கிறானா என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, "கல்லு வச்ச எடத்துலயேதான் இருக்கு, வந்து புடுங்கிப் பாருடா" என்று எழுதச் சொன்னேன். அடுத்த மாதம் பதில் வந்தது. "பெரியப்பா, நான் கேட்டது கால். இங்கே இப்போதுதான் எழுத்துப் படிக்கிறேன். துணைக்கால் விட்டுப்போய்விட்டது. வாத்தியார் திட்டினார்." எழுத்திலும் என் காலை முறித்த பயல் ஐயா அவன். அன்றைக்கு நானும் ரூமானாவும் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் கார்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம், கேட்டால் தேதியோடு சொல்வேன். கார்டு வரத் தொடங்கிய பிறகு வந்த இரண்டாவது பொங்கலுக்கு நானே ஆள் வைத்து அந்தக் கல்லை முக்கால் முழம் பின்னால் நட்டுவிட்டேன். ரூமானா, "இதெல்லாம் எழுதணுமாங்கய்யா, ஒங்க மேல கேசு வந்துராதா?" என்கிறார். வந்தால் வரட்டும், எனக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள், எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்தால் ஊர் ஏற்குமா என்று தாங்கள் கேட்டிருப்பீர்கள், மிஷின் சத்தத்தில் எனக்கு விழுந்திருக்காது. அதற்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளே அவன் ரொட்டி அடுப்பு வேலை கற்றிருக்கிறான். டீக்கடை ஹனீபா, "பன்னு நல்லாப் போடுவானா, அது போதும், எங்க படிச்சான்னு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வார்டு மெம்பர் செம்மல்தான் ஹனீபா கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "செயிலுக்குப் போனவன் போட்ட பன்ன எவன் திம்பான்? ஊருக்கே பயமால்ல இருக்கும்" என்றார். "அடிபட்டவன் நானே திங்கிறேங்குறேன். அடிபடாத ஒனக்கு எங்கப்பா வலிக்குது?" என்றேன். அவர் டீயைக் குடித்தார். முதல் நாள் முதல் பன் நான் தின்பது என்றும், அதே பெஞ்சில், அதே கிளாசில் நாகராசுவும் டீ குடிப்பது என்றும், 'செயில்' நாகராசு என்று பட்டப்பெயர் வைப்பவர்களுக்குக் கடையில் டீ கிடையாது என்றும் பேசி முடித்திருக்கிறோம். செம்மலுக்கு ஏற்கெனவே ஒரு நாள் டீ போய்விட்டது.

காலைப் பற்றிச் சொன்னதும் பாதி பொய். வீட்டிலிருந்து ஹனீபா கடை ஒன்றரை மைல். தினம் இரண்டு தரம் நடந்தே போய் வருகிறேன். கால் தேறிவிட்டது, பயலும் தேறிவிட்டான் என்று எழுதிக்கொள்ளவும்.

தங்கள் பேனா இரண்டும் எழுதட்டும், தங்கள் பிள்ளை குட்டிகள் நோய்நொடி இல்லாமல் வாழட்டும் என்று வாழ்த்தி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

ஆண்டியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. இன்று காலை பைலோடு ஓர் அம்மா வந்தார்கள். தாங்கள்தான் மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறீர்கள் என்று, இந்தத் தரம் ஏமாறக் கூடாதென்று, மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "இப்ப நெலம எப்படிங்கய்யா?" என்றார்கள். "முழுசா சரியாயிருச்சுங்கம்மா, ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றேன். "யார் தொணையும் வேணாமா?" என்றார்கள். "எதுக்குங்கம்மா, சொந்தக் காலுல நிக்கிற அளவுக்கு வந்தாச்சு" என்றேன். கைநாட்டும் வைத்துக் கொடுத்தேன். போன பிறகு ரூமானா வந்து சொல்லித்தான் தெரிந்தது, அவர்கள் உதவித்தொகை ஆபீஸ். ஆகவே ஐயா, அந்த அம்மா கையில் இருப்பது நாகராசுவின் தாள், தங்கள் கையில் இருப்பது என் காலின் தாள். இரண்டிலும் என் ரேகைதான். தாங்கள் இருவரும் மாற்றிக்கொண்டால் போதும், மேலே காலைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடவும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், நாகராசு நடக்கட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.